திரும்பி வந்த திருத்தம்

விடுதி வரவேற்பறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் முதலாளியான அக்கா, ஜன்னலோரம் லேப்டாப்போடு தம்பி, எதிர் சோபாவில் இன்னொரு லேப்டாப்போடு அவன் மனைவி.

"புதுசா வந்த யாருக்குமே வைஃபை கிடைக்கலைடா. வைஃபையைப் பார்த்துக்க இலவச ஃபயர்வால் மென்பொருள்னு என் தலையில கட்டிட்டே! நாளைக்கு மாநாட்டுக் கூட்டம் வருது. இப்படியே இருந்தா அடுத்த விடுதிக்குப் போயிடுவாங்க."

"காலி பண்ணிட்டுப் போனவங்க போனுக்கெல்லாம் கொடுத்த நெட் முகவரியை அது இன்னும் பிடிச்சு வச்சிருக்குக்கா. பழசை எடுத்துப் புதுசுக்குக் கொடுக்கற மாதிரி திருத்தம் எழுதிட்டேன். அந்த மென்பொருளைப் பார்த்துக்கறவங்க ஏத்துக்கணும். திருப்பித் திருப்பி அனுப்பறாங்க."

"ஏனாம்?"

"பழைய ஆள் உள்ளேயே இருந்துட்டா, ஒரே முகவரி ரெண்டு போனுக்குப் போயிடுமாம். முதல்ல அந்த முகவரியை நெட்லயே கூப்பிட்டுப் பார், பதில் வரலைன்னா எடுங்கறாங்க."

"சரியான கல்லுளிமங்கன்! கட்டிக்கிட்டவங்க பாவம்."

தம்பிக்கு இருமல் வந்தது.

"சொல்றதுல நியாயம் இருக்குக்கா. அதையும் சேர்த்துட்டேன்."

"அப்போ நேர்ல போய்க் கேட்டுட்டு வாயேன்டா!"

"கேக்கக்கூடாது அண்ணி," என்றாள் மனைவி. "வீட்டுல வாயால கேட்டா சிபாரிசு ஆயிடும். எல்லாரும் படிக்கற மாதிரி எழுதித்தான் கேக்கணும். அது எங்க விதி."

அக்கா திகைத்தாள். "அடிப்பாவி, நீயா அது?"

"நானேதான். சரியா இருந்தா சாயங்காலத்துக்குள்ள ஏத்துக்கறேன்."

"டேய், 'மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு'ன்னு ஆரம்பிடா!"

தம்பி அப்படியே ஆரம்பித்து, பணிவோடு முடித்து, எதிர் சோபாவுக்குக் கடிதத்தை அனுப்பினான்.