நூறு வருஷப் பச்சை

“அய்யய்யோ, என்ன காரியம் பண்ணிட்ட!”

கணவன் போட்ட கூச்சலில் மருமகள் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது.

“பளிச்சுனு துடைச்சேன். அது ஒரு குத்தமா?”

மாமனாரின் மேஜையில் வெண்கல மைக்கூடும் பேனாத் தட்டும் தகதகவென்று மின்னின. நடுவில் பதித்த கண்ணாடிப் புட்டிகூட அவற்றின் முன்னால் மங்கல்தான். பழைய வீட்டுப் பரணில் கிடைத்த தன் தாத்தாவின் சொத்து என்று மாமனார் ஊரெல்லாம் பெருமையடிக்கும் செட்டு அது.

“வீடு கண்ணாடி மாதிரி இருக்கணும்” என்று சொல்லிவிட்டுத் தலைக்கு டை அடிக்கப் போனவரும் அவர்தான். வந்து பத்தே நாளான மருமகள், நல்ல பேர் வாங்கத் துடித்ததில் என்ன தப்பு?

“அந்தப் பச்சைக் களிம்புக்குத்தான் மதிப்பே! அது ஏற நூறு வருஷமாகும்!”

“தொட்டதும் உரிஞ்சு வந்துடுச்சேங்க...”

“அஞ்சு மணிக்குப் பழம்பொருள் சங்கத் தலைவர் வர்றார். இதைப் பார்த்துட்டுத்தான் அப்பாவைக் கண்காட்சியில சேர்ப்பாராம். தொலைஞ்சோம்!”

மணி நாலு. இனி இந்த வீட்டில் அவள் எந்த முகத்தோடு சோறு சாப்பிடுவது?

சட்டென்று உள்ளே ஓடினாள். ஷூ பாலிஷ் வந்தது. கல்யாண மேக்கப் பெட்டியிலிருந்து பச்சை ஐ ஷேடோ வந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து பூசு பூசென்று பூசினார்கள்.

“மூலையில இன்னும் கொஞ்சம் பச்சை!”

“முதல்ல உங்க மூக்குல இருக்கறதைத் துடைங்க!”

அவ்வளவு பயத்திலும் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஐந்து மணிக்குத் தலைவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். மருமகள் கதவோரம் நின்று தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள்.

“ஆஹா! இந்தப் பச்சை லேசுல வராது சார். குறைஞ்சது நூத்தியிருபது வருஷம்! கண்காட்சியில முதல் மேஜை உங்களுக்குத்தான்.”

“பின்னே? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பழசோட அருமை எங்க தெரியுது!” கருகரு தலையோடு மாமனார் நெஞ்சை நிமிர்த்தினார்.

தலைவர் போனதும் மாமனாரின் குரல் வந்தது. “மருமகளே, இங்க வாம்மா.”

போனாள். அவர் கதவைச் சாத்தினார். மைக்கூட்டில் விரலை ஓட்டி மோந்து பார்த்தார். விரல் நுனி பச்சையாக மினுக்கியது.

“இது நான் வெச்ச பச்சை இல்லையே?”

அவள் அழுதேவிட்டாள். “ஐ ஷேடோ மாமா... தெரியாம தேய்ச்சுட்டேன்... மன்னிச்சிடுங்க.”

மாமனார் மேஜையின் கீழ் இழுப்பறையை இழுத்தார். உள்ளே ஒரு வினிகர் பாட்டில், உப்புப் பொட்டலம், ஒரு பழைய பிரஷ்.

“இந்த செட்டே கடையில புதுசா வாங்கினதும்மா. இதையெல்லாம் தடவித் தடவி, பச்சை பிடிக்க எனக்கு முழுசா ஒரு வாரம் ஆச்சு” என்றவர் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த ஐ ஷேடோ எந்தக் கடையில கிடைக்கும்?”