மூன்று மணி நிழல்

ஊரைச் சுற்றிப் படமெடுக்கும் அந்தத் தம்பி போன வாரம் முழுக்கத் தேங்கிய தண்ணீரைத்தான் எடுத்தான். இந்த வாரம் நிழல் மட்டுமாம். மூன்று மணி வெயிலுக்கு நாங்கள் வேலை செய்யும் கட்டடத்துக்கு வந்துவிடுவான். நான் மட்டப்பலகை பிடித்துப் பூசிய சுவரில், கலவைச் சட்டியோடு போகும் என் மனைவி பச்சையம்மாளின் நிழல் விழும். அதைத்தான் எடுப்பான்.

நேற்று ஒரு படத்தை பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். பின்பக்கம் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவள் பெயர். நாற்பது வயதில் எழுதப் பழகிய நான் என் பெயரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அவள் பெயரை ஒரு தடவைகூட எழுதிப் பார்த்ததில்லை. அவள் படத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

இன்று அவளை இரண்டாம் மாடிக்குச் செங்கல் அடுக்க அனுப்பிவிட்டேன். மூன்று மணிக்கு அவளுடைய சட்டியை என் தலையில் வைத்துக்கொண்டு சுவரோரம் மெதுவாக நடந்தேன். இடுப்பில் ஒரு கையைக்கூட வைத்துப் பார்த்தேன்.

தம்பி கேமராவை இறக்கினான். “அண்ணே, கொஞ்சம் நகருங்க. அக்கா வரட்டும்.”

“ஏன், என் நிழலு கறுப்பா இல்லியா?”

மேலேயிருந்து பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள். “யோவ் கொத்தனாரே, என்னா நடைய்யா அது? சட்டி காலியா இருக்கு, இடுப்பு மட்டும் ஆடுது!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

சட்டியை இறக்காமல் இன்னொரு தடவை நடந்தேன்.