கண்ணுக்குக் கீழே

கண்ணைக் கட்டியாகிவிட்டது.

பழைய துண்டு. நனைத்துப் பிழிந்து, இரண்டாக மடித்து, நெற்றியோடு சுற்றி முடிச்சு. கண்கள் மட்டும்தான் மறைந்திருக்கின்றன. அதற்குக் கீழே துண்டு இறங்கவில்லை. அவன் வேண்டுமென்றே அப்படிக் கட்டினான்.

அங்கேதான் அந்தச் சுரப்பி இருக்கிறது.

கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்கை நோக்கி இறங்கும் ஒரு பிளவு. சும்மா இருக்கும்போது கத்தியால் கீறின கோடு மாதிரித் தெரியும். மிளா மான் பயந்தால் அது விரியும். உள்தோல் சிவந்து வெளியே பிதுங்கும். கண்ணை மூடிய பிறகு அதன் பயத்தை அங்கேதான் பார்க்க முடியும்.

இப்போது விரிந்து கிடக்கிறது. ஒரு கட்டைவிரல் உள்ளே போகும்.

வேன் மலையேறுகிறது.

அணைக் கால்வாயில் விழுந்த பெட்டை மிளா. சிமெண்டுச் சுவர் வழுக்கியது. ஏற முடியாமல் மத்தியானம் வரை நீந்தியே கிடந்திருக்கிறது. தளர்ந்த உடம்பு மயக்க ஊசியைத் தாங்காது. வலை போட்டுத் தூக்கி, கால்களைக் கட்டி, வைக்கோல்மேல் கிடத்தியிருக்கிறார்கள். மேலே காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

போய்ச் சேர்ந்தால்.

போன மாதம் இதே வேனில் ஒன்று போனது. பாதி வழியில் கழுத்து தொங்கிவிட்டது. அறுத்துப் பார்த்தான். அடி இல்லை, முறிவு இல்லை, எல்லாம் ஒழுங்காக இருந்தது.

பயந்தே செத்திருந்தது.

அதனால் இன்று ஏறும்போதே சொல்லிவிட்டான், போய்ச் சேரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று. பின்னங்கால்களை அமுக்கி உட்கார்ந்திருந்த வனக்காப்பாளர் பேச்சித்தாய் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நம்ம டிரைவர் அண்ணனுக்கும் ஒரு துண்டு கட்டிருங்க டாக்டர் சார். வாயில."

அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை.

தலை அவன் மடியில் இருக்கிறது. கழுத்தில் அவன் கை. எப்போது வைத்தான் என்று தெரியவில்லை. கை தானாகப் போயிருக்கிறது. உள்ளங்கைக்கு அடியில் நாடி ஓடுகிறது. எண்ண முடியாத வேகம்.

தடவிக்கொடுக்கிறான்.

பிளவு விரிகிறது.

இன்னும் மெதுவாகத் தடவுகிறான்.

மூச்சு வாய் வழியாக வருகிறது. நுரை அவன் பேண்ட்டை நனைக்கிறது. நின்றுவிடுமோ. அவன் மடியிலேயே, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவியின் கண்களையும் மூடியிருந்தார்கள்.

இமை சரியாக மூடாவிட்டால் கண் காய்ந்துவிடுமாம். பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். வாயில் குழாய். கை கால்களில் அசைவில்லை. பயப்படுகிறாளா என்று பார்க்க அந்த முகத்தில் ஓர் இடமும் மிச்சமில்லை.

கையைப் பிடிச்சுக்குங்க, அவங்களுக்குத் தெரியும் என்றாள் நர்ஸ்.

பிடித்துக்கொண்டான். கடைசிவரை விடவில்லை. மானிட்டரில் அவள் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. காய்ச்சல் என்றார்கள். இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அது ஒன்றையாவது சரியாகச் செய்தோம். இந்த ஒரு வருஷமாக அவனுக்கு இருக்கும் ஆறுதல் அவ்வளவுதான்.

கொண்டை ஊசி வளைவு.

வேன் ஒரு பக்கமாகச் சாய்கிறது. தலை நழுவி வைக்கோலில் இறங்குகிறது. விழாமலிருக்க அவன் இரண்டு கைகளாலும் மேல்கம்பியைப் பற்றிக்கொள்கிறான்.

வளைவு முடிந்தும் வேன் ஆடுகிறது. கம்பியை விட முடியவில்லை. அங்கிருந்தபடியே குனிந்து பார்க்கிறான்.

பிளவு சுருங்கியிருக்கிறது.

முதலில் நம்பவில்லை. வெளிச்சம் மாறியிருக்கும் என்று நினைக்கிறான். இல்லை. சிவப்பு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. விலா ஏறி இறங்குவதை இப்போது எண்ண முடிகிறது.

அவன் கம்பியை விட்டு உட்கார்ந்து ஒரு விரலை மட்டும் கழுத்தில் வைக்கிறான். பூவைத் தொடுகிற மாதிரி.

பிளவு திறக்கிறது.

விரலை எடுக்கிறான்.

மூடுகிறது.

கல்லூரியில் முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். மாட்டைத் தடவு, நாயைத் தடவு, காட்டு விலங்கைத் தேவைக்கு மேல் தொடாதே. அதன் தோலுக்குக் கையும் ஒன்றுதான், புலியின் வாயும் ஒன்றுதான். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறான். கைக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

பேச்சித்தாய் குனிந்து மிளாவைப் பார்க்கிறாள். சோர்ந்திருந்த அவள் முகம் தெளிகிறது. பேசக் கூடாது என்பதை மறந்துவிட்டாள்.

"மூச்சு நல்லா வருது சார்." குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். "கைய ஏன் எடுத்துட்டீங்க? நீங்க தடவிக்குடுத்ததாலதான் உசுரோட வருது."



இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொள்கிறான். இன்னும் அழுத்தி உட்காருகிறான்.

துண்டுக்குக் கீழே இப்போது ஒரு கோடு மட்டும் இருக்கிறது. பிழைத்துவிடும்.

வெளியே மரங்கள் நெருங்கத் தொடங்கிவிட்டன. வேனுக்குள் வெளிச்சம் குறைகிறது. அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவள் துடிப்பு ஏறியபோது காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள்.