ஜீப் பேசிய பேரம்

"வயர்ல வாய வச்சே, தொலைச்சிடுவேன்!" என்று உறுமியது ஜீப்.

"பசிக்குதே, என்ன பண்ண?" என்று பானெட்டுக்குள்ளிருந்து எகிறியது பெருச்சாளி.

ஜீப் சட்டென்று பேரத்தில் இறங்கியது. தோட்டத்து வேலி ஓட்டையை அதன் டயர்தான் அடைத்து நின்றது. "நான் ஒரு சாண் நகர்றேன். உள்ளே சர்க்கரைவள்ளி கொட்டிக் கிடக்கு. இனி பசின்னு என் வயரைத் தொடக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்ணே!"

"அடப்பாவி, என்னையா காட்டிக் குடுக்கிறே?" என்று கத்தியது கிழங்குக்கொடி.

ஜீப் காதிலேயே வாங்கவில்லை. நகர்ந்தது. ஜெயித்த குஷியில் ஹாரனும் அடித்தது.

கிழங்கை மொத்தமாகக் காலி செய்துவிட்டு, பெருச்சாளி மறுபடி பானெட்டுக்குள் ஏறி வயரைக் கவ்வியது.

"யோவ்! பேசுன பேச்சு என்னாச்சு?"

"பசிக்கு யாருண்ணே வயரைக் கடிப்பாங்க? இது வளர்ற பல்லைத் தேய்க்க!"