ஊதாக்காரரின் புகார்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான். கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

"ஏங்க, இது மூணாவது தடவை!" என்று ஒருவர் பூச்சாடியைக் கல்லா மேசைமேல் வைத்தார். "இங்க வாங்கும்போது ஊதா. வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சா நீலம். கடை நடத்துறீங்களா, கண்கட்டு வித்தை காட்டுறீங்களா?"

கல்லாவில் இருந்தவள் அண்ணி. கண்ணாடி ஊதும் பட்டறையும் கடையும் ஒன்றாக இருந்த இடம் அது. உள்ளே உலையடியில் நாத்தனார் ஊதுவாள், வெளியே அண்ணி விற்பாள். இந்த வருஷம் புதிதாகச் செய்த ஊதாக் கண்ணாடியை நம்பி அலமாரி முழுக்க அதையே அடுக்கியிருந்தார்கள். நிறம் நிற்காது என்று இவர் ஒருத்தர் தெருவில் சொன்னால் போதும், கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

"சார், நல்லாப் பாருங்க. ஊதாவாத்தானே இருக்கு?" என்று சாடியை வாசல் வெயிலில் தூக்கிக் காட்டினாள். பளிச்சென்று கத்தரிப்பூ நிறம். கழுத்தடியில் கடுகளவு ஒரு காற்றுக் குமிழி. அதுகூட அழகாகத்தான் இருந்தது.

"இங்க அப்படித்தான் இருக்கும். எங்க வீட்டுல வந்து பாருங்க."

"உங்க வீட்டுக்கு நான் எதுக்கு சார் வரணும்?"

"ஐயோ, நீங்க வர வேணாங்க" என்றார் அவர் அவசரமாக.

சத்தம் கேட்டு நாத்தனார் வெளியே வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் "உலை ஆறிடும், அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பியவள். வியர்வையைப் புறங்கையால் வழித்துவிட்டு, சாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோங்க சார். அடுத்த வாரம் வாங்க, சரி பண்ணி வைக்கிறேன்."

அவருடைய கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. "இதுல போடுற பவுடர் லேசுல கிடைக்காதுன்னு அன்னிக்குச் சொன்னீங்களே. வீணாப் போயிடாதா?"

"நானா வீணாக்குவேன்? கடல் மணலை மலை மலையா அள்ளி, அமிலத்துல கரைச்சுக் கரைச்சுப் பிரிச்சாத்தான் அது ஒரு கைப்பிடி தேறும். மிச்சம் நிக்கிற கழிவுச் சேத்தை எங்க கொட்டுறது, எப்படிச் சுத்தம் பண்றதுன்னு பவுடர் பண்றவங்க படுற பாடு வேற. ஒரு துளியைக்கூட அநாவசியமாத் தொட மாட்டேன் சார்."

அவர் அதைப் பாட்டுக் கேட்பதுபோலக் கேட்டு முடித்துவிட்டுத்தான் படியிறங்கினார்.

"அந்த ஊதாக்காரர் நகக்கண்ணைப் பார்த்தியா?" என்றாள் அண்ணி. "வெளிர் ஊதாவா ஏதோ ஒட்டியிருக்கு. சாயம் போகுதுடி!"

"கண்ணாடியில ஏது அண்ணி சாயம்?" என்று சிரித்துக்கொண்டே நாத்தனார் உள்ளே போனாள்.

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் சாடி தயாராக இருந்தது. காகிதத்தில் சுற்றும்போது அண்ணி கவனித்தாள், இதிலும் கழுத்தடியில் ஒரு குமிழி. பாவம், ஊதி ஊதி இவளுக்கு மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஊதாக்காரர் வாங்கிக்கொண்டு போனார். இரண்டே நாளில், "ஏங்க, மறுபடியும் நீலம்!" என்று வந்து சாடியை வைத்துவிட்டுப் போனார்.

இனிப் பொறுப்பதற்கில்லை. கோளாறு பவுடரில்தான் என்று முடிவு கட்டி, மறுநாள் டின்னைத் தூக்கி இடுக்கிக்கொண்டு அண்ணி பஸ் ஏறினாள். டின்னில் போட்டிருந்த விலாசம் ஊருக்கு வெளியே இருந்தது. வரிசை வரிசையாகத் தொட்டிகள், மூக்கை அரிக்கும் நெடி, பின்பக்கம் கழிவுத் தண்ணீரைத் தெளியவைக்கும் குளங்கள்.

"உங்க பவுடர் நிறம் மாறுது! யார் இதுக்குப் பொறுப்பு?" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். ஒரு நீளமான அறையைக் காட்டினார்கள்.

கதவைத் தள்ளினாள். உள்ளே வெள்ளைக் கோட்டில் நின்றவர் சாட்சாத் ஊதாக்காரர்! புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கண்ணாடி வில்லை ஒன்றை ஜன்னல் வெயிலில் காட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம நியோடிமியம் பவுடர் கலந்த கண்ணாடி இது. வெயில்ல ஊதா." ஜன்னலைச் சாத்தி ட்யூப் லைட்டைப் போட்டார். "இப்ப பாருங்க, நீலம்! வெளிச்சம் மாறினா நிறம் மாறும், அதுதான் இதோட குணம். கண்ணாடி ஊதுற எல்லாருக்கும் இது தெரியும்."

கடைக்கு ஆபத்தில்லை என்று அண்ணிக்கு நிம்மதி வந்தது. ஆனால் தலை சூடேறியது. வந்த வேகத்திலேயே திரும்பி, பட்டறைக்குள் நுழைந்துதான் மூச்சு விட்டாள்.

"நல்லா ஏமாந்தியேடி! அந்த ஊதாக்காரர் இருக்காரே, பவுடர் பண்றதே அவர்தான்! நிறம் ஏன் மாறுதுன்னு அங்க பாடம் நடத்துறாரு, இங்க வந்து ஒண்ணுமே தெரியாத மாதிரி சண்டை போடுறாரு. எல்லாம் உன் முகத்தைப் பார்க்கத்தான்! நீ என்னடான்னா வாராவாரம் உலையில வெந்து, புதுசு புதுசா ஊதிக் கொடுத்துட்டு இருக்கே!"

நாத்தனார் கையில் அந்தச் சாடி இருந்தது. கழுத்தடிக் குமிழியைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள். உலை மூட்டாத நாளிலும் முகம் சிவந்து கிடந்தது.

"புதுசா எங்க அண்ணி ஊதினேன்? முதல் நாள்லேருந்து இதே சாடியைத்தானே துடைச்சுத் துடைச்சுக் கொடுக்கிறேன்."

உங்கள் வீட்டுச் சண்டைகளும் இப்படிப் பொய்ச்சண்டைகளாகவே இருக்கட்டும், கண்ணுகளா. குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.