கிளப்புக்குச் சொந்தமான கை

பெனினாவை அன்று கிளப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வருகிற சீசனில் அவளுடைய வலது தோள்பட்டை விலகிவிடும் என்று மணிக்கட்டில் கிளப் கட்டிவிட்டிருந்த சென்சார் பட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டதாம். தோள் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பற்றி யாருக்கு அக்கறை? இத்தனை வருஷம் கோல்கீப்பராக நின்றவளை ஆபீஸ் வாசலிலேயே நிற்க வைத்துப் பட்டையைக் கத்தரித்தார்கள், அவ்வளவுதான்.

கோல் காக்கிற கை வீட்டு வேலையில் தேய்ந்துவிடக் கூடாது என்றுதான் அந்தப் பட்டையைக் கட்டினார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் அது கத்தும். மகள் அக்சாவைத் தூக்கினாலும் கத்தும். கத்தினால் அடுத்த மேட்சில் வெளியே உட்கார வேண்டியதுதான். யார் யாரோ உதைத்த பந்தையெல்லாம் பாய்ந்து அணைத்தவள், பெற்ற பிள்ளையைத் தரையில் உட்கார்ந்துதான் மடியில் வாங்கினாள்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு படிகளை ஏறி வந்தாள். கதவருகே நின்ற மகளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரித்தாள்.

"ஓடியாந்து குதிடி. பட்டைய கழட்டிட்டாங்க, இனிமே கத்தாது."

அக்சா ஓடி வரவில்லை. அம்மாவின் மணிக்கட்டில் பட்டை இருந்த இடத்தில் வெளுத்துக் கிடந்த தோலைப் பார்த்தாள். பிறகு, தினமும் செய்வதுபோலக் கிளவுஸ் பையை அம்மாவின் தோளிலிருந்து இறக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வேணாம்மா," என்றாள். "நான் வெயிட்டு."