பெண் தவளை கத்தாது

ஊசி முனையில் ஒரு துளி நின்றது. அவன் இன்னும் குத்தவில்லை.

கோமு சுடிதாரை வயிற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"லேப்ல தவளைக்குத் தினமும் போடுதிய. பொண்டாட்டிக்குப் போட மட்டும் கை ஆடுதோ?"

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

அதே ஹார்மோன் மருந்து. புட்டியில் அதே பெயர். அளவுதான் வேறு.

காலையில் இதைப் போட்ட பெண் தவளை ஒன்று, ஸ்பீக்கரில் ஆண் தவளையின் குரல் கேட்டதும் தத்தித் தத்திப் பெட்டி வரைக்கும் போனது. பெட்டியைச் சுற்றி வந்தது. ஆள் இல்லை. அப்படியும் பெட்டியை ஒட்டியே உட்கார்ந்துகொண்டது.

"ஏமாளி" என்றான் அவன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஊசி போட்ட ஆண், அந்தக் குரலுக்குத் தொண்டையை உப்பிக்கொண்டு பதில் கத்தும். போடாத ஆண், எத்தனை தடவை குரல் கேட்டாலும் கல் மாதிரி இருக்கும். அதற்குச் சாமியார் என்று பேர். பேர் வைத்ததும் அவன்தான்.

இந்த இனத்தில் பெண் கத்தாது. கேட்கும், போகும். அவ்வளவுதான்.

ஊசி இறங்கியது. கோமு உதட்டைக் கடித்தாள். அவள் வயிற்றில் முந்தைய ஊசிகளின் நீலம் இன்னும் ஆறவில்லை.

பிள்ளை இல்லாததற்குக் குறை அவளிடம் இல்லை. டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்து, அவனைப் பார்த்துத்தான் சொன்னார். சிகிச்சைக்கு ஊசி மட்டும் அவளுக்கு. வெளியே வந்ததும், அதை மட்டும் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றான்.

கோமு சரி என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஊர் ரயிலில் இரண்டு நாள் தூரம்.

போன் அடித்தது. அவனுடைய அம்மா. அவன் கையில் ஊசி இருந்ததால் கோமுவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஊசி போட்டாச்சாய்யா? இந்தத் தடவையாவது அவ உடம்பு கேக்குமா? நம்ம வம்சத்துல யாருக்கும் இப்படிக் கெடையாதுய்யா. உனக்கு வாய்ச்சது அப்படி. அவ பக்கத்துல இருந்தா வெளிய போய்ப் பேசு."

அவன் வெளியே போகவில்லை. ஊசியைக் குப்பைக்கூடையில் போட்டான். மெதுவாக, சத்தம் வராமல்.

கோமு பஞ்சை வயிற்றில் அழுத்திக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"ஏய்யா, இருக்கியா? பேச்சையே காணும்?"

அவன் தொண்டை ஒருமுறை எழும்பியது. அடங்கியது.



"ஏல... லைன்ல இருக்கியா?"

"இருக்காவ அத்தை" என்றாள் கோமு. "கையில ஊசி இருக்கு. அதான்."

அவன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான்.

அவள் சுடிதாரை இறக்கிவிட்டுக்கொண்டாள். போனை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

அணைக்கவில்லை.